வெண்டலின் பூட்ஸில் வந்த வாடை

என் மூக்கைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் இந்தக் கதையில் கடைசியில் அவமானப்படப்போவது அந்த மூக்கு என்பதால், அதன் பெருமையை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். என் பேர் ஹெட்விக். எங்கள் ஊர்ச் சீஸ் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகச் சீஸ் காய்ச்சுகிறேன். பால் கேனின் மூடியைத் திறந்தால் போதும், மாடு நேற்று எந்தச் சரிவில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவேன். காட்டுப்பூண்டைத் தின்ற மாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன். ஊரில் எனக்கு ‘மூக்கு மகாராணி’ என்று பட்டப்பேர். கேலிக்கு வைத்ததுதான். எனக்கென்னவோ அது பிடித்துத்தான் இருந்தது.

பிரெகென்சர்வால்டு மலைப்பக்கத்தில் எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் எல்லார் பாலும் ஒரே செப்புக் கொப்பரையில்தான் கலக்கும். எங்கள் கொப்பரையில் பதினோரு வீட்டுப் பால். ஒரு வீட்டுப் பால் கெட்டால் மற்ற பத்து வீட்டு உழைப்பும் கூடவே போய்விடும். அதனால் எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எந்த வீட்டிலும் ஊறுகாய்ப்புல் இருக்கக் கூடாது. பச்சைப் புல்லைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி, புளிக்க வைத்து, குளிர்காலத்தில் மாட்டுக்குப் போடுவார்களே, அதுதான். வெயிலில் காயவைத்த புல் மட்டுமே எங்கள் மாடுகளுக்கு.

காரணம் இருக்கிறது. புளித்த புல்லில் ஒரு கிருமி குடியிருக்கும். புல்லோடு மாட்டு வயிற்றுக்குள் போய், சாணத்தோடு வெளியே வந்து, மடியில் ஒட்டி, பாலில் இறங்கி, சீஸுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் நல்ல பிள்ளையாகத் தூங்கும். அப்புறம் எழுந்து பியூட்டிரிக் அமிலத்தையும் வாயுவையும் கக்க ஆரம்பிக்கும். சீஸ் சக்கரம் உப்பிக்கொண்டே போய் ஒருநாள் வெடிக்கும். வெட்டிப் பார்த்தால் ஊசிப்போன வெண்ணெயையும் வாந்தியையும் ஒன்றாகக் கலக்கின மாதிரி நாற்றம். பன்றிகூடத் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

போன குளிர்காலத்தில் எங்களுக்கே அது நடந்தது. தாடேயுஸ் என்று ஒருவன், கன்றுகளுக்குத்தானே என்று ஆற்றோரக் கொட்டகையில் நாலு உருண்டை ஊறுகாய்ப்புல்லை ஒளித்து வைத்திருந்தான். ஜனவரி மாதம் நிலவறையில் நாற்பத்திரண்டு சக்கரங்கள் வரிசையாக உப்பிக் கிடந்தன. விரலால் தட்டினால் காலிப் பானை மாதிரிச் சத்தம். நிலவறைப் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தாடேயுஸை வெளியே அனுப்பினோம், புதிதாக ஒரு வீடு அவன் இடத்துக்கு வந்தது. அந்தக் கூட்டத்திலேயே நான் எழுந்து நின்று இன்னொரு விதியும் கொண்டுவந்தேன். இனிமேல் யார்மேல் அந்த வாடை அடித்தாலும் அன்றைக்கே அவர்கள் பாலை ஒதுக்க வேண்டும். அந்த வாரமே கூட்டம் போட வேண்டும். வாடைக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் ஆள் வெளியே. ஆய்வகத்து முடிவு வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை கொப்பரையைப் பணயம் வைக்க என்னால் முடியாது என்றேன். எல்லாரும் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவன் வெண்டலின்.

வெண்டலின் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவன், பதினாலு மாடு வைத்திருக்கிறான். இருபத்தாறு வருஷமாக அவன் பால் வண்டி சரியாக ஆறரைக்கு என் வாசலில் வந்து நிற்கும். கோயில் மணி தப்பினாலும் அவன் தப்ப மாட்டான். அவனைப் பற்றிச் சொல்ல இன்னொரு விஷயம் இருக்கிறது. எங்கள் ஊரில் யாராவது கமுக்கமாகக் காதலிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், விடிவதற்குள் அவன் வாசலிலிருந்து அவள் வாசல் வரைக்கும் மரத்தூளால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். காலையில் ஊரே அந்தக் கோட்டின்மேல் நடந்துபோய்ச் சிரிக்கும். அந்தத் திருப்பணிக்கு முப்பத்தைந்து வருஷமாக வெண்டலின்தான் தலைவன். கயிறு பிடித்து நேராகப் போடுவான். கொஞ்சம் கோணினாலும் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி போடுவான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் போட்டவன் அவன்தான். ஊரில் பாதிப் பேரின் ரகசியத்தை அவன்தான் தெருவில் கோலமாகப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

அக்டோபர் கடைசி வாரம். ஒருநாள் காலையில் வெண்டலின் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வாடை. ஊசிப்போன வெண்ணெய். பாலை முகர்ந்தேன், பாலில் இல்லை. ஆனால் கிருமிக்கு வாடை கிடையாது, அது அமிலத்தைக் கக்கினால்தான் வாடை வரும். குனிந்து கேனைத் துடைப்பதுபோல அவன் காலடியில் முகர்ந்தேன். பூட்ஸிலிருந்துதான் வருகிறது. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இவன் மேலா சந்தேகப்படுவது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாளும் அதே வாடை. அப்போதுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. மூன்று வாரமாக அவன் ஆறரைக்கு வருவதில்லை, ஆறே முக்காலுக்கு வருகிறான். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்துக் கொப்புளம் போட்டிருக்கிறது. ஊறுகாய்ப்புல் கெடாமல் இருக்க அதன்மேல் அமிலம் தெளிப்பார்கள், அது கையில் பட்டால் இப்படித்தான் பொத்துப்போகும். வாடை, தாமதம், கை. மூன்றையும் கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியாக வந்தது. தாடேயுஸ் செய்திருந்தால் கோபம் மட்டும்தான் வரும். வெண்டலின் செய்தான் என்றால் வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது.

மூன்றாம் நாள் அவன் பாலைக் கொப்பரையில் ஊற்றாமல் வேறு கேனில் ஊற்றினேன்.

“ஹெட்விக், அது என் பாலு. வேற கேன்ல ஊத்துற.”

“தெரிஞ்சுதான் ஊத்துறேன்.”

“என்ன ஆச்சு?”

“என்னைக் கேக்காத. உன் பூட்ஸைக் கேளு.”

அவன் குனிந்து பூட்ஸைப் பார்த்தான். காது மடல் வரைக்கும் சிவந்துபோனது. திருட்டு முழி என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டில் ஊறுகாய்ப்புல் ஒரு பிடி கிடையாது, வந்து பார்த்துக்கொள் என்றான். வேண்டுமானால் என் ஆற்றோரக் கொட்டகையையும் பார்த்துக்கொள் என்றான். நான் கொட்டகையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன், அந்தக் கதையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

“சரிடா, தினம் அந்தக் கால்மணி நேரம் எங்க போற? அதை மட்டும் சொல்லு.”

கேன் மூடியைத் திருகி இறுக்கினான். பிறகு சொன்னான். “அதைத்தான் சொல்ல முடியாது.”

எங்கள் சங்கத் தலைவர் கஸ்பார் அண்ணனும் நானும் அன்றைக்கே போய் அவன் தொழுவத்தைப் புரட்டிப் பார்த்தோம். பரணில் ஏறினோம். காய்ந்த புல் வாசனை அவ்வளவு அருமையாக இருந்தது. அதை முகர்ந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கொட்டகையும் காலியாகத்தான் கிடந்தது. எங்கோ நன்றாக ஒளித்து வைத்திருக்கிறான் என்றேன். மறுநாள் அவன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தான். கழுவின பூட்ஸைப் பார்த்ததும் என் சந்தேகம் இன்னும் முற்றியது. அது கழுவினாலும் சுலபத்தில் போகிற வாடை அல்ல.

நாலு நாள் அவன் பால் கொண்டுவந்தான், நாலு நாளும் நான் ஒதுக்கினேன், அவன் திருப்பி எடுத்துப்போய்க் கன்றுகளுக்கு ஊற்றினான். தன் பாலைத் தானே திருப்பிச் சுமந்து போகிறவனைப் பார்க்க முடியாமல் நான் கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சீஸ் கூடத்திலிருந்து தள்ளப்பட்ட பாலை எங்கள் பக்கத்தில் வேறு எந்தக் கூடமும் எடுக்காது. வெளியே போட்டால் அவன் மாடுகளை விற்க வேண்டியதுதான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை மாலை, கறவை முடிந்ததும் கூட்டம். ஊர் விடுதியின் மாடியறையில் பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். கொப்பரைக்காரி என்ற முறையில் நானும் இருந்தேன். விடுதிக்காரர் வழக்கம்போலச் சீஸ் க்னோப்ஃலேவை, அதாவது உருக்கின சீஸில் புரட்டிய குட்டி மாவுருண்டைகளை, பெரிய மரத்தொட்டியில் கொண்டுவந்து வைத்தார், மேலே வறுத்த வெங்காயம் கமகமத்தது. ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. எங்கள் ஊரில் க்னோப்ஃலே ஆறினதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெண்டலின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தான். சாவுக்கு வந்தவன் மாதிரி.

கஸ்பார் அண்ணன் என் சாட்சியைக் கேட்டார். வாடையையும் தாமதத்தையும் கையையும் சொன்னேன். அவர் வெண்டலின் பக்கம் திரும்பினார்.

“கடைசியாக் கேக்கறேன் வெண்டலின். எங்கேர்ந்து வருது அந்த வாடை?”

வெண்டலின் எழுந்து நின்றான். “அண்ணே, என் மாடுங்க மேல சத்தியமா நான் ஊறுகாய்ப்புல் போடல. வாடை எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அதைச் சொன்னா நான் போற இடம் தெரிஞ்சுபோகும். அதைச் சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வாக்கை உடைச்சிட்டு வந்து பால் ஊத்தறதவிட, பாலை நிறுத்திக்கறேன்.”

அவன் உட்கார்ந்தான். அவன் பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷமே மனசு சொன்னது. ஆனால் விதி கொண்டுவந்தவள் நான், நானே எப்படி வேண்டாமென்பது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அந்த வீம்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. கஸ்பார் அண்ணன் பெருமூச்சு விட்டுவிட்டு, வெளியே அனுப்பலாம் என்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். ஒரு கை எழுந்தது. இன்னொன்று பாதி எழுந்தது.

அப்போது அந்த வாடை வந்தது. வெண்டலின் பூட்ஸிலிருந்து இல்லை, மாடிப்படியிலிருந்து. வரவர ஏறியது. எல்லார் மூக்கும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்பியது. கதவைத் திறந்துகொண்டு, கையில் ரப்பர் உறை மாட்டி, ஒரு வாளியைத் தூக்கியபடி ரோஸ்விதா அம்மா வந்தார்.

ரோஸ்விதா அம்மா மூன்று வருஷம் முன்னால் எங்கள் ஊருக்கு வந்தவர். பிரெகென்ஸ் நகரத்தில் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்று, காலியாகக் கிடந்த பழைய டாக்டர் வீட்டை வாங்கிக்கொண்டார். அறுபதை நெருங்கியவர், தனி ஆள், அதிகம் பேச மாட்டார். அன்று சாயங்காலம் ரொட்டிக்கடையில் கஸ்பார் அண்ணன் மனைவி சொல்லித்தான் அவருக்குக் கூட்டத்து விஷயமே தெரிந்திருக்கிறது. வாளியைக் கொண்டுவந்து க்னோப்ஃலே தொட்டிக்குப் பக்கத்திலேயே டொக்கென்று வைத்தார்.

“மூக்குக்காரம்மா யாரு? மோந்து பாருங்க.”

போனேன். வாளி நிறைய, மஞ்சளாக, சின்ன ஆப்ரிகாட் பழம் மாதிரி. பாதி நசுங்கியிருந்தது. முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. வெண்டலின் பூட்ஸ் இதுதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வருஷம் முன்னால் அந்த டாக்டர் தன் தோட்டத்துப் பின்வாசலில் இரண்டு கிங்கோ மரம் நட்டிருக்கிறார், ஆண் ஒன்று, பெண் ஒன்று. கிங்கோ பெண்மரம் நிதானமாகத்தான் காய்க்குமாம், இத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குச் சொல்ல முடியாதாம். இந்த அக்டோபரில்தான் முதல் தடவையாகப் பழுத்து உதிர்ந்திருக்கிறது. அதனால்தான் எங்கள் ஊரில் அந்த வாடை எவருக்கும் பழக்கமில்லை. பழத்தின் சதையில் இருப்பது அதே பியூட்டிரிக் அமிலம். சதையின் சாறு தோலில் பட்டால் தடித்துக் கொப்புளம் போடும், அதனால்தான் கையுறை. ஊரில் வேறு எங்கும் அந்த மரம் கிடையாது. இதையெல்லாம் ரோஸ்விதா அம்மா பொட்டலம் கட்டித் தருகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். வெறுங்கையால் அந்தப் பழங்களை அள்ளிப் பாதையைச் சுத்தம் செய்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் வெண்டலின் விரல்களைப் பார்த்தார்கள். அவன் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

கஸ்பார் அண்ணன் தொண்டையைச் செருமினார். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வெண்டலின் தினம் காலையில உங்க பின்வாசல்ல எதுக்கு நிக்கணும்?”

“காபி குடிக்க.”

அவர் கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

“மூணு வாரமா வர்றார். முன்வாசல் வழியா வந்தா ஊரே பாக்கும்னு பின்வாசல் வழியா வருவார். போன வாரம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு கேட்டார். யோசிக்கணும்னேன். நான் பதில் சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு வாக்கு வாங்கினது நான்தான். அதுக்காக இவர் மாட்டையே விக்கத் தயாரா இருப்பார்னு எனக்குத் தெரியாது.”

“பதில் சொல்லியாச்சா?” என்று கேட்டார் கஸ்பார் அண்ணன். சங்கத் தலைவர் கேட்கிற கேள்வி இல்லை அது, ஆனால் நாங்கள் எல்லாருமே அதைத்தான் கேட்க இருந்தோம்.

“இப்பத்தான் சொல்ல வந்தேன்.” அவர் மூலைப் பக்கம் திரும்பினார். “வெண்டலின், எனக்குச் சம்மதம்.”

வெண்டலின் எழுந்தான். எழுந்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். திரும்பவும் எழுந்தான். அதற்குள் மற்ற பத்துப் பேரும் எழுந்து அவன் முதுகில் தட்ட முண்டியடித்ததில், யாருடைய முழங்கை என்று இன்றுவரை தெரியவில்லை, வாளி கவிழ்ந்தது. பழமெல்லாம் மாடியறைத் தரையில் உருண்டோடியது. அதன்மேல்தான் எல்லாரும் குதித்தார்கள். விடுதிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்.

சத்தம் அடங்கியதும் நான் எழுந்தேன். விதியைக் கொண்டுவந்தவளும் நான், அதைத் தப்பாகப் பிரயோகித்தவளும் நான், மூக்கு சொன்னது சரி, அதை வைத்து வழக்கு நடத்தினவள்தான் முட்டாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கண்ணீர் வேறு வந்து தொலைத்தது. வெண்டலினிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவன் சிரித்தான். “மோந்ததோட நிறுத்தாம பின்னாலேயே நடந்து வந்திருக்கலாம்ல ஹெட்விக். உனக்கும் ஒரு காபி கிடைச்சிருக்கும்.”

வெண்டலின் பாலை மறுபடி கொப்பரையில் சேர்க்கலாமா என்று கஸ்பார் அண்ணன் கேட்டார். எல்லாக் கையும் எழுந்தது. எனக்கு ஓட்டு கிடையாது, ஆனாலும் இரண்டு கையையும் தூக்கினேன். ஆறிப்போன க்னோப்ஃலேவைச் சூடாக்கிக் கொண்டுவரச் சொல்லி, அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தோம்.

சாப்பிடும்போது ரோஸ்விதா அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. படிக்கிற காலத்தில் அந்த அமிலத்தைச் சுத்தமாகக் குப்பியில் வைத்திருந்தார்களாம். ஒருநாள் அது உடைந்து கையைப் பொசுக்கிவிட்டது. புண் ஒரு வாரத்தில் ஆறியது, ஆனால் ஒரு மாதம் டிராம் வண்டியில் அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. நான் விடாமல், இந்தப் பாழாய்ப்போன அமிலத்தால் உலகத்துக்கு ஒரு நன்மையாவது உண்டா என்று கேட்டேன்.

“உங்க வெண்ணெயிலயே அது இருக்கு. கொழுப்போட கட்டுண்டு கிடக்கற வரைக்கும் வாசனை தெரியாது, அவுந்துச்சுன்னா நாத்தம். மாட்டு வயித்துல தினம் அது ஊறுது, மாடு அதையும் எரிச்சுத்தான் உடம்பு தேறுது. ஏன், இப்ப நீங்க தின்ன வெங்காயத்து நாரை உங்க குடல்ல இருக்கற கிருமிங்க பிச்சு இதே அமிலத்தைத்தான் பண்ணும். பெருங்குடலோட உள்தோல் அதைத் தின்னுதான் உயிரோட இருக்கு. அது இல்லேன்னா நாம இல்ல.”

நான் என் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு சக்கரத்தைத் தின்ற எதிரிக்கு இவ்வளவு நாளாக நானே சோறு போட்டு வீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

“உண்ணிகூட இந்த வாடையை வச்சுத்தான் புல்லுநுனியில காத்துக்கிட்டு இருந்து ஆட்டையும் மாட்டையும் கண்டுபிடிக்கும்,” என்றார் ரோஸ்விதா அம்மா.

“அப்ப உண்ணியும் ஹெட்விக்கும் ஒரே குடும்பம்,” என்றான் வெண்டலின். மேசையே குலுங்கியது. நாலு நாள் அவன் பாலைத் திருப்பி அனுப்பியவள் நான். அதற்கு இந்த ஒரு அடி ரொம்பக் குறைவு, வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. மாட்டுக்கு ஞாயிறு தெரியாது, எனக்கும் கிடையாது. நாலு மணிக்கு எழுந்து, தச்சுப்பட்டறை வைத்திருக்கிற என் வீட்டுக்காரரை எழுப்பி, இரண்டு மூட்டை மரத்தூளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வெண்டலின் தொழுவத்து வாசலில் ஆரம்பித்தோம். முப்பத்தைந்து வருஷம் ஊருக்கே போட்டவனுக்கு வேறு யார் போடுவார்கள்? கயிறு பிடிக்கிற வித்தை எங்களுக்கு வராது. என் வீட்டுக்காரர் அரைத்தூக்கத்தில் நடந்தார். கோயில் திருப்பத்தில் கோடு பாம்பு மாதிரி நெளிந்துபோயிற்று. போகட்டும் என்று விட்டேன். டாக்டர் வீட்டு முன்வாசல் வரைக்கும் கொண்டுபோய் முடித்தேன். பின்வாசலுக்கு இல்லை, முன்வாசலுக்கு.

ஆறு மணியிலிருந்து பால் வர ஆரம்பித்தது. முதல் ஆள் உள்ளே நுழைந்ததும் கிங்கோ வாடை. இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள், எல்லார் பூட்ஸிலும் அதேதான். என் மூக்குக்கு அன்றைக்கு வேலையே இல்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று எல்லாரையும் வாசலில் நிறுத்தினேன். காலுறையோடு ஈரத்தரையில் வந்து நின்றார்கள். காலுறை வாடை அதைவிட மோசமாக இருந்தது. கால் நாற்றத்தில் இருப்பது அந்த அமிலத்தின் சித்தப்பா பிள்ளைதான் என்று ரோஸ்விதா அம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து ஆய்வகத்து முடிவு வந்தது. பதினோரு வீட்டிலும் மிகச் சுத்தமான பால் வெண்டலினுடையதுதான். சுவரில் ஒட்டி வைத்தேன்.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. காலிக் கேன்களோடு, காலுறையோடு, வெண்டலினுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். சரியாக ஆறரைக்கு அவன் வண்டி வந்தது. மரத்தூள் கோட்டின் ஓரமாகவே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் கோடு போகிற பக்கம் பார்த்தான். முகம் சுருங்கியது.

“யாரு போட்டது இதை?”

“நான்தான்,” என்றேன்.

“கோயில் திருப்பத்துல குடிகாரன் நடந்த மாதிரி இருக்கு. சரி, அது போகட்டும். என் தொழுவத்துலேர்ந்து அவங்க வீட்டுக்கு மேலத்தெரு வழியா நேரா போகலாம். சீஸ் கூடத்துக்கு எதுக்கு வளைச்சுக் கொண்டுவந்திருக்க? முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஒரு கோட்டை இப்படிச் சுத்த விட்டதில்ல.”

“முதல்ல இங்க வந்து பாலை ஊத்து. அப்புறம் எங்க வேணா போ.”

அவன் கேன்களை இறக்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நான் கொப்பரையின் ஓரத்தில் நின்றேன். அவன் ஒவ்வொரு கேனாகத் தூக்கி, தன் கையாலேயே கொப்பரையில் ஊற்றினான். நான் முகர்ந்து பார்க்கவில்லை.

வெளியே போகும்போது கதவோரம் இருந்த என் துடைப்பத்தை எடுத்துக்கொண்டான். சீஸ் கூடத்துக்கு வருகிற அந்த வளைவைப் பெருக்கித் தள்ளத்தான் போகிறான் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன், மற்றவர்களும் காலுறையோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அவன் கோயில் திருப்பம் வரைக்கும் நடந்துபோய், அங்கே நெளிந்திருந்த இடத்தைப் பெருக்கி, குனிந்து, கையால் தூளை அள்ளி நேராகப் போட்டான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துத் திருப்திப்பட்டான். பிறகு கோட்டின் வழியாகவே திரும்பி வந்து, சீஸ் கூடத்து வாசலில் என் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, ரோஸ்விதா அம்மாவின் முன்வாசலைப் பார்த்து நடந்தான். வளைவை அவன் தொடவே இல்லை.